சடையன் தைத்த வெற்றிலைப் பை

நெடுங்கோட்டை மன்னர் வீரமல்லருக்குப் புலி என்றால் பயமில்லை. பிரதானி பூவராகர் வாயைத் திறந்தால்தான் பயம். தலைமை அமைச்சரான அந்தப் பிரதானி எதற்கெடுத்தாலும் ஒரு சாஸ்திரம் சொல்வார். சாஸ்திரம் கிடைக்காத நாளில் தாமே ஒன்று செய்துகொள்வார்.

அந்த ஊரில் சடையன் என்று ஒரு தோல் தொழிலாளி இருந்தான். அவன் கையால் தைத்த வெற்றிலைப் பை இல்லாத இடுப்பு அரண்மனையில் கிடையாது. மன்னரும் ஒன்று வைத்திருந்தார். வேட்டைக்குப் போன இடத்தில் அது ஆற்றில் விழுந்து, மூன்றாம் நாள் மீனவர் வலையில் வந்தது. ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை.

மன்னருக்குத் தலைகால் புரியவில்லை. "சடையன் வெள்ளிக்கிழமை சபைக்கு வரட்டும். கேட்டதைக் கொடுக்கிறேன்!" என்றார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வரம் கேட்பவர் சபை நடுவே குத்துவிளக்கின் முன் நின்று, தம் வாயாலேயே கேட்க வேண்டும். சபை கலையும் முரசு ஒலித்துவிட்டால் வரம் போயே போச்சு.

சடையன் கேட்கப்போவது ஊருக்கே தெரியும். அவன் தெருவுக்குக் கிணறு இல்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு நடந்தே தேய்ந்துபோனார்கள். பக்கத்தில் நல்ல ஊற்று இருப்பது ஒரே இடத்தில், பிரதானியின் தென்னந்தோப்பு ஓரத்தில். அது பிரதானிக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்தது. குளித்து முழுகி, வெளுத்த வேட்டி கட்டி, சடையன் சபை வாசலில் வந்து நின்றான்.

"நில்லடா அங்கேயே!" பிரதானி எழுந்துவிட்டார். வாய் நிறைய வெற்றிலை. "மன்னா, தோல் தைக்கிறவன் உள்ளே வந்தால் சுத்தமாக இருக்கிற எங்களுக்கெல்லாம் தீட்டு ஒட்டிக்கொள்ளும். சாஸ்திரம்!"

முரசுக்குத் தோல் கட்டியதும் சடையன்தான். முரசு உள்ளே இருந்தது, அவன் வெளியே நின்றான். மன்னர் நெற்றியைத் தடவினார். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், சாஸ்திரம் ஒரு பக்கம். முரசடிப்பவன் கோலைக் கையில் எடுத்தாயிற்று.

சபையில் பேச்சிமுத்துப் புலவர் என்றொருவர் உண்டு. பாட்டு சுமார்தான், வாய் மட்டும் படு கெட்டி. அவர் பணிவாக எழுந்தார்.

"பிரதானி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, மன்னா. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அவன் பக்கத்தில் வந்தாலே தீட்டு. அவன் எச்சில் பட்டதை ஒருவர் தின்றுவிட்டால்?"

"சிவசிவா!" பிரதானி காதைப் பொத்தினார். "அவனைவிட அதைத் தின்றவனுக்குத்தான் பெரிய தீட்டு. மூன்று மாதம் இந்தச் சபைப் படி ஏறக் கூடாது!"

"யாராக இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்!"

"மன்னரும் கேட்டுக்கொண்டார்" என்ற புலவர் வாசல் பக்கம் திரும்பினார். "சடையா, அங்கிருந்தே சொல். பை எப்படித் தைப்பாய்? உரக்கச் சொல்லப்பா, பிரதானிக்குக் காது மந்தம்."

தொழிலைப் பற்றிக் கேட்டதும் சடையனுக்குக் கூச்சம் போய்விட்டது. "குத்தூசியால ஓட்டை போடுவேன் சாமி. ஒரே நூலு, ரெண்டு முனைக்கும் ரெண்டு ஊசி. ஒரே ஓட்டையில இந்தப் பக்கமிருந்து ஒண்ணு, அந்தப் பக்கமிருந்து ஒண்ணு விட்டு இறுக்கணும். அப்பத்தான் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்த தையல் விடாது."

"ரெண்டு கையிலும் ஊசி. நூலை யார் பிடிப்பது?"

"வாய்தான் சாமி. நூலை வாயில போட்டு நனைச்சு, பல்லுல கடிச்சு முறுக்கேத்துவேன். பிறகுதான் மெழுகு. எச்சில் படாத நூலு நிக்காது சாமி, எங்கப்பன் காலத்திலேருந்து அப்படித்தான்."

சபையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் அப்படியே நின்றன. விழுங்கவும் முடியவில்லை, மன்னர் முன்னால் துப்பவும் முடியவில்லை. தளபதி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரதானி அலறியடித்துக்கொண்டு இடுப்புப் பையை அவிழ்த்துத் தரையில் எறிந்தார்.

"பிரதானியாரே, அந்தப் பை எத்தனை வருஷமாக உங்களிடம் இருக்கிறது?" என்றார் புலவர்.

"இரு... இருபது."

"இருபது வருஷம், வேளைக்கு நாலு வெற்றிலை!" புலவர் கைகூப்பினார். "மன்னா, சடையன் வந்தால் சுத்தமானவர்களுக்குத் தீட்டு ஒட்டுமாம். நியாயம்தான். இந்தச் சபையில் அப்படிச் சுத்தமானவர் யார்? கையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை தெரிந்தாலும் சடையனை நானே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன்."

ஒரு கையும் எழவில்லை. மன்னர் கை தம் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்தது.

"அப்படியென்றால் பிரதானி தீர்ப்புப்படி மூன்று மாதம் நாம் எல்லோரும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். தாங்களும்தான், மன்னா. பரவாயில்லை, துணைக்குச் சடையன் இருக்கிறான்."

மன்னர் பிரதானியைப் பார்த்தார். பிரதானி தரையைப் பார்த்தார். "மன்னா, அந்த சாஸ்திரம்... கொஞ்சம் பழையது. இப்போது அவ்வளவாக வழக்கத்தில் இல்லை."

"உள்ளே வா, சடையா!" என்றார் மன்னர்.

சடையன் குத்துவிளக்கின் முன் வந்து நின்றான். "எங்க தெருவுக்கு ஒரு கிணறு வேணும் மகாராசா. தோப்போரத்து ஊத்துல."

"தந்தேன். நாளைக்கே தோண்டட்டும்!"

அதற்குப் பிறகுதான் முரசு ஒலித்தது.

மன்னர் புலவர் பக்கம் திரும்பினார். "உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

புலவர் தரையைக் காட்டினார். "பிரதானி தீட்டென்று எறிந்த அந்தப் பை போதும், மன்னா. அவருக்குத்தான் இனி அது ஆகாதே."

பிரதானி பாய்ந்து பையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அதெல்லாம் முடியாது! இருபது வருஷமாக ஒரு தையல் விடாத பை. இதைப் போல இன்னொன்று எங்கே கிடைக்கும்?"

மன்னர் சிரித்த சிரிப்பில், அடக்கி வைத்திருந்த வெற்றிலையெல்லாம் சபை முழுக்கச் சிதறியது.