அமராத விளக்கு

சுனையடி மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்திக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கோர் அகலை ஏற்றி முன்னால் வைத்துக்கொள்வார்கள். மனசில் இருப்பதைச் சொல்லி முடித்தவர் தன் விளக்கைத் தானே அமர்த்திவிடுவார்; அணைப்பது என்று அங்கே சொல்வதில்லை. எல்லா விளக்கும் அமர்ந்தால் கூட்டம் முடிந்தது.

கூட்டத்தை நடத்தும் பொறுப்பை மடத்துத் தலைவி உலகம்மை, தன் சீடர் வைத்திலிங்கத்திடம் கொடுத்திருந்தார். சீடருக்குத்தான் வயது அதிகம். மனைவி இறந்துபோன பிறகு, பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் ஞான நூல்களைக் கரைத்துக் குடித்தவர். யாராவது வாயைத் திறந்தால் போதும், பாதியிலேயே பதிலை எடுத்து நீட்டிவிடுவார்.

"நான் நடத்தினால் கடைசிவரை அத்தனை விளக்கும் எரிகிறது, பார்த்தீர்களா?" என்று பெருமை வேறு!

ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். ஒருநாள் அந்தியில் ஈ காக்காய் இல்லை. விரித்த பாய்களுக்கு நடுவே வைத்திலிங்கம் ஒண்டியாக உட்கார்ந்திருந்தார். பூட்டிய வீடு பின்னாலேயே வந்துவிட்டது போலிருந்தது.

உலகம்மை வந்தார். ஓர் அகலை ஏற்றிவைத்து எதிரே உட்கார்ந்தார்.

"நடத்துங்க ஐயா."

"உங்களுக்கா, தாயே?"

"நானும் மனுஷிதானே. எங்கம்மா சாகிறப்போ நான் பக்கத்துல இல்ல. அது..."

"பிறந்தவர் போவது இயற்கை தாயே. ஞானிகள் இதை மூன்று விதமாக..."

மூன்று விதத்தையும் சொல்லி முடித்தார். உலகம்மையின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏன் தாயே யாரும் வருவதில்லை? என்னிடம் என்ன குறை?"

"உங்க விளக்கு எங்கே?"

"நடத்துகிறவனுக்கு எதற்கு விளக்கு?"

உலகம்மை இன்னோர் அகலை ஏற்றி அவர் முன்னால் வைத்தார்.

வைத்திலிங்கம் ஞானிகளின் பாட்டு ஒன்றைச் சொல்ல எடுத்தார், பாதியில் விட்டார். இன்னொன்றை எடுத்தார், அதுவும் ஓடவில்லை. உலகம்மை அவசரமே இல்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியான்னு கேக்க ஒரு நாதியில்ல, தாயே."

சொன்னதும் குரல் உடைந்தது. அதன்பிறகு பேச்சு நிற்கவில்லை.

"கடைசி நாள் அவ என்னமோ சொல்ல வந்தா. ஒண்ணும் ஆகாது, பேசாம படுன்னுட்டேன். என்ன சொல்ல வந்தான்னு இன்னிவரைக்கும் தெரியல."

அழுது ஓய்ந்து, தன் விளக்கை அமர்த்தினார்.

"நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே, தாயே?"

"என் விளக்கு இன்னும் எரியுது, ஐயா."

வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, பாயை உலகம்மையின் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.