முதல் கால்சட்டை

இங்கிலாந்தில் ஆம்புரோஸ் என்று ஓர் ஓவியர் இருந்தார். ஆளை உட்காரவைத்து வரைவதுதான் பிழைப்பு. சைலஸ் அவருடைய சீடன். அவனே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

அந்த நாளில் அங்கே ஆண் பிள்ளைகளுக்கும் ஆறு வயதுவரை நீள அங்கிதான். பிறகு ஒரு நாள் குறித்து, உறவையெல்லாம் கூப்பிட்டு, முதல் கால்சட்டை போட்டுவிடுவார்கள்.

மார்ஜரி அம்மாளின் மகன் ரோலண்ட் காய்ச்சலில் போய்விட்டான். அவனை வரைந்து தரச் சொல்லிக் கேட்டாள். சைலஸ் பிள்ளையை உயிரோடு பார்த்தவன். வெள்ளை அங்கியோடு புல்லில் உட்கார்ந்து நாய்க்குட்டியின் காதை இழுக்கிற மாதிரி வரைந்தான்.

அவள் வந்து பார்த்தாள்.

"அவனேதான் ஐயா. அந்தச் சிரிப்புகூட. கால்சட்டை எங்கே?"

"அவன் போட்டதே இல்லையே அம்மா."

"தைத்து வைத்திருந்தேன். போட்டுவிட எட்டு நாள்தான் பாக்கி."

படத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

சைலஸ் ஆசானிடம் வந்தான்.

"பழைய படங்களில் நாலு வயசுப் பிள்ளை இடுப்பில் வாளோடு குட்டிக் கிழவன் மாதிரி நிற்கும். பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்கத் தெரியாத ஜனம் என்று சிரித்தோமே ஐயா. இவளும் அதையே கேட்கிறாள்."

"சிரித்தது நீ," என்றார் ஆம்புரோஸ்.

ஒரு பெரிய வீட்டிலிருந்து பழுதுபார்க்க வந்த பழைய படம் சுவரோரம் இருந்தது. அதைக் காட்டினார்.

"எத்தனை பிள்ளைகள்?"

"ஐந்து. ஐந்தும் பெரிய மனுஷர் மாதிரிதான். கடைக்குட்டிக்கும் வாள்."

"பின்னால் எழுதியிருக்கிறது. படி."

சைலஸ் படத்தைத் திருப்பினான்.

"எட்வின், ஏழு வயதில் மரித்தான். ஆக்னஸ், மூன்று வயதில். ஹியூ, ஐந்து..."

மற்றதையும் படித்து முடித்தான். ஐந்தில் ஒன்றுதான் வளர்ந்திருந்தது.

"போய்விட்ட பிள்ளையை வாள் பிடிக்கிற வயசில் பார்க்க, பெற்றவளுக்கு வேறு இடம் ஏது?" என்றார் ஆசான்.

சைலஸ் படத்தைத் திருப்பிச் சுவரோரம் வைத்தான்.

"அப்படியானால் அந்த அங்கியை அழித்துவிட்டுக் கால்சட்டை போட்டுவிடட்டுமா?"

"அழிக்காதே. அதுவும் அவளுக்கு வேண்டும். புதிதாக இன்னொன்று வரை."

"எந்த வயசில் வரையட்டும் ஐயா?"

"அவளைக் கேள். இன்றைக்கு அவனுக்கு என்ன வயசு என்று அவளுக்குத்தான் தெரியும்."