முப்பிடாதி ஜெராக்ஸ்

முதலாமாண்டு கம்ப்யூட்டர் வகுப்பில் துறைத்தலைவர் சபாரத்தினம் வைத்ததுதான் சட்டம். அசைன்மென்டை அவர் சொன்ன சாஃப்ட்வேரில், அவரவர் கையாலேயே டைப் செய்ய வேண்டும். இல்லையென்றால் பூஜ்யம். மூன்று பூஜ்யம் வாங்கினால் பரீட்சை எழுத முடியாது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத இசக்கியம்மாள், செல்போனில் செய்து கொடுத்து ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தாள்.

அன்று அவளுடைய ஃபைலைத் திரையில் போட்டார். கம்ப்யூட்டர் தானாகவே பதியும் ஃபைல் விவரங்களில், உருவாக்கியவர் பெயர் என்ற இடத்தில் ‘முப்பிடாதி ஜெராக்ஸ்’ என்று இருந்தது.

“கடைக்காரன்கிட்ட கொடுத்து டைப் பண்ணிட்டு வந்திருக்கே. இது மூணாவது பூஜ்யம்.”

சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“கடைக் கம்ப்யூட்டர்ல நான்தான் சார் டைப் பண்ணினேன்.”

“யார் பேர் இருக்கோ அவங்கதான் டைப் பண்ணினது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.”

“அது எல்லாருக்கும் பொதுவா சார்?”

“எனக்கும் சேர்த்துத்தான்!”

“அப்போ நீங்க குரூப்ல அனுப்பின அசைன்மென்ட் விதிமுறை ஃபைலையும் திறந்து பாருங்க சார்.”

அறுபது பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது, பின்வாங்க முடியுமா? திறந்தார். உருவாக்கியவர்: முப்பிடாதி ஜெராக்ஸ்.

பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

“நீங்களும் உங்க கையாலதான் டைப் பண்ணியிருப்பீங்க சார்,” என்றாள் இசக்கியம்மாள், பணிவாக. “அந்தக் கடையில ரெண்டே கம்ப்யூட்டர்தான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நீங்க எங்க சார் உட்கார்ந்தீங்க?”

சபாரத்தினம் திரையைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார்.

“கதவோரம்” என்றார், பேனாவை மூடிக்கொண்டே.