ராஜாவின் காதில் பஞ்சு

முன்னொரு காலத்தில், எதையும் கணித்துப் பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத ராஜா ஒருவர் இருந்தார். கனகவர்மர் என்று பெயர். மழை எவ்வளவு பெய்யும், நெல் எவ்வளவு விளையும், யானைகள் எத்தனை குட்டி போடும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணிதரை வைத்திருந்தார். எட்டுக் கணிதர்கள், எட்டுச் சுவடிப் பொதிகள். சபையில் பொதியை அவிழ்த்தால்தான் கணிப்புத் தொடங்கும்.

அவிழ்த்தவுடன் தொடங்கினால் பரவாயில்லையே! தம் குருவின் பெயர், குருவுக்குக் குருவின் பெயர், சுவடியை எத்தனை முறை திருத்தினார்கள் என்ற விவரம், "எனக்கு முன் வந்தவர் சராசரி கண்ட முறை இனிச் செல்லாது, என் முறையே செல்லும்" என்ற மிரட்டல், இத்தனையும் ஒப்பித்த பிறகுதான் வேலை. எட்டுப் பேரும் முடிப்பதற்குள் அரண்மனைச் சாப்பாடு ஆறிப்போய்விடும்.

ஒரு நாள் ராஜாவின் பொறுமை போயிற்று. "நாளை எட்டுப் பொதியும் அவிழ வேண்டும். ஆனால் இந்தப் புராணத்தில் ஒரு சொல்கூட என் காதில் விழக் கூடாது!"

மந்திரி தேவசிகாமணிக்கு வாயெல்லாம் பல். சபை விகடன் அம்பலவாணனை ஒழித்துக்கட்ட அவர் பல நாளாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பிரபு, இதற்கு நம் அம்பலவாணனே தகுதியானவன். ஒரு சொல் தங்கள் காதில் விழுந்தாலும் அவன் நாக்கை அறுத்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்று ராஜா கொட்டாவி விட்டார்.

அம்பலவாணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாக்குப் போன விகடனுக்கு யார் சோறு போடுவார்கள்? கணிதர்களிடம் ஓடினான், காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். ஆனால், நாளை தொண்டை கிழியக் கத்துங்கள் என்று மந்திரி அவர்களிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

"குருவின் பெயரைச் சொல்லாமல் பொதியை அவிழ்ப்பதா? சிவ சிவா!" என்று எட்டுப் பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அதைப் பார்த்ததும் அம்பலவாணன் கெஞ்சுவதை நிறுத்திவிட்டான்.

மறுநாள் சபை கூடியது. அம்பலவாணன் வணங்கி, "மகாராஜா, ஒரு சந்தேகம். இவர்கள் பேசக் கூடாதா, தங்கள் காதில் விழக் கூடாதா?" என்று கேட்டான்.

"அவர்கள் கத்தட்டும், உருளட்டும், எனக்கென்ன? என் காதில் விழக் கூடாது!"

அடுத்த கணமே மெழுகில் தோய்த்த பஞ்சால் ராஜாவின் இரண்டு காதுகளையும் அடைத்துவிட்டான். சபை அதிர்ந்தது. ராஜாவின் திருச்செவியில் ஒரு விகடன் கை வைப்பதா! காவலர்கள் வாளை உருவினார்கள். "ராஜத் துரோகம்!" என்று மந்திரி அலறினார். ராஜாவோ ஆனந்தமாகப் புன்னகைத்து, நடக்கட்டும் என்று கை காட்டினார்.

முதல் ஏழு கணிதர்களும் கூரை அதிரக் கத்தினார்கள். ராஜா அவர்கள் நீட்டிய ஓலையை மட்டும் படித்துத் தலையாட்டினார். எட்டாவதாக மழைக் கணிதர் பொதியை அவிழ்த்தார். குருவின் பெயரைத் தொடங்கியவர் பாதியில் வெளிறிப்போனார்.

"தேள்! பொதிக்குள் கருந்தேள்! மகாராஜா, தொடாதீர்கள்!"

சபையே சேர்ந்து கத்தியது. ராஜா அதே புன்னகையோடு ஓலையை எடுக்கப் பொதிக்குள் கையை நீட்டினார்.

இதை அம்பலவாணன் நினைத்தே பார்க்கவில்லை. பாய்ந்து ராஜாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான், பொதியைக் காலால் உதைத்தான். தேள் ஓடிய பக்கம் இருந்த மந்திரி ஆசனத்தின்மேல் ஏறி நின்றார். காவலன் ஒருவன் அதை ஈட்டியால் குத்தினான்.

பஞ்சை எடுத்தபோது ராஜாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஒருவர்கூட என்னை எச்சரிக்கவில்லையா?"

"சபையே கத்தியது, மகாராஜா. தாங்கள் சொன்னபடி ஒரு சொல்லும் விழவில்லை. வெட்டிப் பேச்சோடு சேர்த்து எச்சரிக்கையையும் அடைத்துவிட்டேன். அது என் பிழை."

"பார்த்தீர்களா, பிரபு! இவனால் தங்கள் உயிரே போயிருக்கும்!" என்று மந்திரி ஆசனத்தின்மேல் நின்றபடியே கூவினார்.

ராஜா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "வழி சொல், அம்பலவாணா."

"இனிமேல் பொதிகள் வாசலுக்கு வெளியே அவிழட்டும். நம்பிக்கையான ஒருவர் அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டு, ஆபத்தை மட்டும் உள்ளே சொல்லட்டும். தங்கள் காதின்மேல் மந்திரியாருக்கு இருக்கும் அக்கறை வேறு யாருக்கு உண்டு?"

தேவசிகாமணி ஆசனத்திலிருந்து மெல்ல இறங்கினார். "எட்டுப் பேரையுமா, பிரபு? தினமுமா?"

"ஒரு சொல் விடாமல்!" என்று ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார்.