ஒரு நிமிஷத்தில் முடிந்த ஒரு மணி நேரம்

கூத்தன்பாடி ஆண்கள் சொன்ன சொல்லை அப்படியே செய்வார்கள். ஊருக்கு வேறு எதிரி தேவைப்படவில்லை.

பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குக் கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல். சுகாதார ஆய்வாளர் நிறைமதி வந்து கொசு பிடிக்கும் ஒரு உறிஞ்சுகுழாயைக் கொடுத்தார்.

“சாயங்காலம் மாட்டுக்கொட்டகைக்குள்ள ஒரு ஆள், ஒரு மணி நேரம். சுவர்ல உட்கார்ற கொசுவைப் பிடிங்க. நிறைய இருந்தா உங்க ஊருக்குத்தான் முதல் தடுப்பூசி.”

“நான் நிக்கிறேன் மாமா,” என்றாள் பூரணி. அவள் மகள் இதழிக்கு மூன்று வயது.

“சும்மா இரும்மா. இது ஆம்பளைங்க வேலை,” என்றார் தலைவர் சடகோபன்.

பிறகு ஆம்பளைங்க கூடி யோசித்தார்கள்.

“ஒரு மணி நேரம் கடி வாங்கினா ஒரு ஆள் தாங்குவானாய்யா?” என்றார் தலைவர்.

“மணிக்கு அறுபது நிமிஷம் அண்ணே,” என்றார் மாசிலாமணி. “அறுபது பேர் ஒண்ணா நின்னா, ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும்.”

கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. அறுபது பேரும் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். இடமில்லாமல் மாடு வெளியேறியது. மாட்டோடு கொசுவும் வெளியேறியது. உள்ளே பிடிபட்டது சைபர்.

வெளியே பூரணி குழாயை வாங்கி, மாட்டின் வயிற்றுப் பக்கமிருந்தே கொசுவால் நிரப்பிவிட்டாள்.

“இது செல்லாது. கொட்டகைக்குள்ள பிடிக்கணும்னுதானே சொன்னாங்க?” என்ற தலைவர், குழாயைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்த் திறந்துவிட்டார். “இப்ப முறைப்படி பிடிங்கய்யா!”

நிமிஷம்தான் முடிந்துபோயிருந்ததே. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். பூரணி பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டை உள்ளே கட்டிக் கதவைச் சாத்தினாள்.

காலையில் காலிக் குழாயைப் பார்த்த நிறைமதி கொட்டகைக் கதவைத் திறந்தார். முகமெல்லாம் கொசு மொய்த்தது.

“எண்ணவே வேண்டாம். திங்கட்கிழமை முகாம்!”

திங்கட்கிழமை ஊசியைப் பார்த்ததும் இதழி வீறிட்டாள். தலைவருக்கு மனசு கேட்கவில்லை.

“பச்சப்புள்ள முழு வலியையும் தாங்குமா? அறுபதாப் பிரிங்கய்யா!”

அறுபது பேரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குழந்தைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

“தள்ளுங்க மாமா!” பூரணி முழங்கையாலேயே வழி செய்து இதழிக்கு ஊசி போடவைத்தாள். குழந்தை ஒரு நொடி அழுதுவிட்டு மிட்டாய் கேட்டது.

“பாத்தியா, வலி பிரிஞ்சு போயிடுச்சு!” என்றார் தலைவர்.

அறுபது பேரும் ஊசி படாத கையைத் தேய்த்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள். மாசிலாமணிக்கு மட்டும் இரண்டு நாள் ஊசிக் காய்ச்சல்.