கேட்காத அறை

"அம்மா, அவங்கவங்க கேட்டதைக் கேட்டபடி கொடுத்துட்டேன். அப்படியும் மூச்சுத் திணறி நின்னுபோகுது" என்றார் தெய்வசிகாமணி.

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரு?"

"மெஷின்."

மலை உச்சியில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு யோகாம்பிகைதான் குரு. எல்லோருக்கும் அம்மை. வயது நாற்பத்து மூன்று. சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபத்தொன்று. சென்னையில் முப்பத்து நான்கு வருஷம் ஏசி மாட்டியவர். மனைவி போன பிறகு ஒரு பெட்டியோடும் ஒரு ஸ்க்ரூடிரைவர் பையோடும் மலை ஏறி வந்தார். ஞானம் வேண்டும் என்றார்.

"முதல்ல குளிரைப் பாருங்க ஐயா" என்றார் அம்மை.

ஒரு அன்பர் மடத்துக்கு ஒரு இயந்திரம் வாங்கித் தந்திருந்தார். குளிர்காலத்தில் சூடு தரும், வெயில் காலத்தில் குளிர்ச்சி தரும். ஆனால் மடம் முழுவதுக்கும் சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றுதான், அதுவும் கூடத்தில். கூடம் வெதுவெதுப்பானதும் இயந்திரம் தன் வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடும். தெற்கு அறைக்காரர்கள் நடுங்குவார்கள். கண்ணாடி ஜன்னல் போட்ட நூலக அறையில் மத்தியானம் வியர்க்கும். தினமும் சண்டை.

சிகாமணி கூடத்துக் குழாயை அடைத்துவிட்டு, காற்றை நூலகம், தெற்கு, கிழக்கு, வடக்கு என்று நான்கு அறைகளுக்குப் பிரித்தார். ஒவ்வொரு அறைக்கும் போகும் காற்றுக் குழாயில் ஒரு தகடு வைத்தார். தகட்டைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு தெர்மோஸ்டாட். எல்லாக் கம்பியும் வந்து சேரும் இடத்தில் ஒரு பெட்டி, அதில் நான்கு விளக்கு.

"எந்த அறை கேக்குதோ அதோட விளக்கு எரியும். அந்தத் தகடு மட்டும் திறக்கும். போதும்னதும் மூடிக்கும்" என்று அப்போதே அம்மையிடம் விளக்கியிருந்தார்.

"ஒரு அறை சூடு கேட்டு, இன்னொண்ணு குளிர்ச்சி கேட்டா?"

"முதல்ல கேட்டவங்களுக்கு முதல்ல. அப்புறம் மெஷினுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு. அப்புறம்தான் அடுத்தவங்க."

"என்னைவிட அந்தப் பெட்டிக்குப் பொறுமை அதிகம்" என்று சிரித்தார் அம்மை.

சண்டை ஓய்ந்தது. இப்போது இயந்திரமே தகராறு செய்தது.

"விடியக்காலம் மத்த அறைங்க மூடிக்கிடக்கு, கிழக்கு அறை மட்டும்தான்மா சூடு கேக்குது. அது ரொம்பச் சின்ன அறை. நாலு அறைக்கான காத்து அந்த ஒத்தைக் குழாய்ல முட்டி மோதுது. விசில் அடிக்குது. போகவேண்டிய சூடு போகாம மெஷின் தானே சூடேறி நின்னுடுது."

"என்ன செய்யப்போறீங்க?"

"தாழ்வாரத்துல ஒரு வழி திறந்து, மிச்சக் காத்தை அங்க விட்டுடலாம்னு இருக்கேன். எங்க தொழில்ல அப்படிச் செய்யறதுதான்."

அம்மை ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"தாழ்வாரத்துக்குக் குளிருதா?"

"தாழ்வாரத்துக்கு என்னம்மா குளிர்?"

"சும்மா கேட்டேன்" என்று அடுத்த கொத்தை எடுத்தார்.

சிகாமணிக்கு அது சும்மாவாகப் படவில்லை. மூன்று நாள் அதையே மென்றார். தாழ்வாரம் என்றால் சாட்சி, குளிர் என்றால் மாயை என்று நோட்டில் எழுதிப் பார்த்தார். அடித்துவிட்டு, தாழ்வாரம் மாயை, குளிர் சாட்சி என்று மாற்றி எழுதினார். எப்படி எழுதினாலும் சரியாக வருவதுபோல் இருந்தது. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

நான்காம் நாள் ஏணியைப் போட்டுத் தாழ்வாரத்தில் வழியைத் திறந்தார்.

விசில் நின்றது. இயந்திரம் நிம்மதியாக ஓடியது. மடத்துப் பூனை எங்கிருந்தோ வந்து, இறங்கிவரும் வெதுவெதுப்புக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தது.

அம்மை வந்து பார்த்தார். பூனையின் வயிற்றைத் தடவிக்கொடுத்தார்.

"கொடுத்து வச்ச ஜென்மம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் இரண்டாம் நாள், அந்த வருஷத்திலேயே கடுங்குளிர் அடித்த இரவு விடிந்ததும், காய் நறுக்க ஆவுடையம்மாள் வரவில்லை.

ஆவுடையம்மாளுக்கு எழுபத்து நான்கு வயது. திருநெல்வேலிப் பக்கம். வடக்கு அறையில் தனியாக இருந்தாள். மடத்துக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அவள் வராமல் அடுப்படி விடிந்ததில்லை.

சிகாமணி போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. தள்ளினார்.

அறை வெளி முற்றம்போல் சில்லிட்டிருந்தது. இரண்டு போர்வைக்குள் அவள் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. கையைத் தொட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எதையோ சொல்ல முயன்றாள். வார்த்தை குழறியது.

"அம்மா!" என்று அவர் போட்ட கூச்சலில் மடம் முழுவதும் எழுந்தது.

அம்மை செருப்பில்லாமல் ஓடிவந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. போர்வையை விலக்கி உள்ளே படுத்து, கிழவியின் ஈரக்கட்டை போன்ற உடம்பைத் தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

சிகாமணி சுவரைப் பார்த்தார். தெர்மோஸ்டாட் அடிமட்டத்தில் இருந்தது. திருப்பிவிட்டார். மேலே தகடு திறக்கும் சத்தம் கேட்டது. பொருத்திய அன்று சோதித்துப் பார்த்ததற்குப் பிறகு அது திறப்பது இதுதான் முதல் தடவை.

பெட்டியில் வடக்கு அறை விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. அது அவருக்குத் தெரியும். தொந்தரவே தராத அறை என்று அதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம்கூட இருந்தது.

கீழ் ஊரிலிருந்து டாக்டர் ஜீப்பில் வந்தார். பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா நான் வந்து பிரயோஜனமில்லை" என்றார்.

மத்தியானம் ஆவுடையம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அம்மை கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பூனை இங்கே குடிவந்துவிட்டது.

சிகாமணி வாசலிலேயே நின்றார்.

"அம்மா, அன்னைக்குத் தாழ்வாரத்துக்குக் குளிருதான்னு கேட்டீங்களே. இவங்க நிலைமை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா கீரை உருவிக்கிட்டா உட்கார்ந்திருப்பேன்?"

அம்மையின் குரல் கம்மியிருந்தது. பாதத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"யாருக்குக் குளிருதுன்னு கேட்டிருக்கணும். வாய்க்கு வந்ததைக் கேட்டுவச்சேன்."

சிகாமணி மூன்று நாள் எழுதிய நோட்டை நினைத்தார். உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"அக்கா, இதை இப்படித் திருப்பினா சூடு வரும்னு சொல்லிக்கொடுத்தேனே."

"கொடுத்தியே தம்பி. நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தே."

"அப்புறம் ஏன் திருப்பலை?"

ஆவுடையம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள். சொல்ல வெட்கப்படுகிறவள்போல் இருந்தது.

"அது ஒத்தையில கெடந்து இரையுதுல்லா. போன வாரமெல்லாம் வெள்ளன எந்திரிச்சா விசிலடிச்சுக்கிட்டுத் தெணறிச்சு. திடீர்னு நின்னுபோயிரும். பாவமால்லா இருந்துச்சு. நானும் வேறயா அதைப் போட்டு வருத்தணும்னு, இருக்கிறதுலயே கீழ வச்சிட்டேன்."

"மெஷினைப் பார்த்தா பாவமா இருந்துச்சு?"

"பின்னே? மூணு அறைக்கு அது படுத பாடு போதாதா?"

சிகாமணிக்குச் சிரிப்பு வரவேண்டும். கண்தான் கலங்கியது.

"அக்கா, அது கொடுத்துக் கொடுத்துத் திணறலை. வாங்கிக்க ஆளில்லாம திணறிச்சு."

"என்னது?"

"நாலு அறைக்கு ஊதுற காத்து அது. மூணு கதவை மூடிட்டு ஒண்ணை மட்டும் திறந்துவச்சா, முட்டிக்கிட்டுத்தானே நிக்கும்? நீங்க திறந்திருந்தீங்கன்னா அதுக்கு மூச்சு சீரா வந்திருக்கும்."

ஆவுடையம்மாள் கஞ்சியை விழுங்கக்கூட மறந்து அவரைப் பார்த்தாள்.

"அப்போ நான் வாங்கிக்கிட்டா அதுக்குத்தான் நல்லதா?"

"ஆமாக்கா."

"இதை மொதல்லயே சொல்லப்பிடாதா? வெறைச்சுப் போயிட்டேன்லா!"

அம்மை சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

அன்று சாயங்காலமே சிகாமணி தாழ்வார வழியை அடைத்தார். வடக்கு அறையின் தகட்டை, என்ன ஆனாலும் இரண்டு விரற்கடைக்குக் கீழே மூடாதபடி திருகி வைத்தார். மிச்சக் காற்று இனி அங்கேதான் போகும். ஏணியிலிருந்து இறங்கும்போது அறை இதமாக இருந்தது.

"இனி நீங்க கேட்டாலும் வரும், கேட்காட்டாலும் கொஞ்சம் வரும்" என்றார்.

அம்மை தலையசைத்தார்.

ஆவுடையம்மாள் சுவரில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள்.

"லைப்ரரியில ஒண்ணு. தெக்க ஒண்ணு. கெழக்க ஒண்ணு. இங்க ஒண்ணு. நாலுதானா தம்பி?"

"நாலுதான்."

"நீ எங்க படுக்கே?"

"சாமான் ரூம்ல."

"அங்க குழாய் போகுதா?"

"இல்லைக்கா."

"ஏன்?"

"எனக்கெதுக்குக்கா அதெல்லாம். நான் எப்படியோ ஒரு கம்பளிய…"

சிகாமணி பாதியில் நின்றுபோனார்.

மேலே குழாயில் காற்று போகும் சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது.

அம்மை எழுந்து ஏணிக்கு அருகே வந்தார். ஸ்க்ரூடிரைவருக்காகக் கையை நீட்டினார்.