கவிழ்ந்த மங்கு

நியாயம் பேசத் தெரிந்தவர்களே, ஒரு வழக்கைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம். பேராக் காட்டில் நாற்பது பேர் கொண்ட எதிர்ப்புப் படை ஒன்று இருந்தது. அதன் தளபதி மாயழகு, பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அஞ்சாதவர். ஆனால் ரப்பர் பால்மரத்தில் கத்தி வைத்ததில்லை.

காட்டோரத் தோட்டத்தில் பால் வெட்டும் அங்கம்மா படைக்குக் கண்ணாக இருந்தாள். தளபதி அவளுக்கு ஓர் அடையாளம் வகுத்தார். எல்லையின் முதல் மரத்தில், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு நிமிர்ந்திருந்தால் தூதன் உள்ளே வரலாம்; கவிழ்ந்திருந்தால் சிப்பாய் இருக்கிறான், திரும்பிவிட வேண்டும். ஒருமுறை ஒரு தூதன் கவிழ்ந்த மங்கைக் கண்டும் துணிந்து போய், தப்பி வந்தான். தளபதி அவன் துப்பாக்கியைப் பறித்தார். இனி எவனும் சொந்தமாக யோசிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்.

பிறகு படைவீரன் காத்தானுக்குக் காலில் குண்டு பாய்ந்து சீழ் வைத்தது. அங்கம்மா மருந்து சேர்த்து வைத்திருந்தாள். அதை வாங்கப் போனவன் சடையன், முன்பு பால் வெட்டியவன். அன்று விடியலிலேயே மழை. மழை நாளில் வெட்டு இல்லை. தண்ணீர் நிறையாதபடி எல்லா மங்குகளும் கவிழ்ந்தே கிடக்கும். சடையன் பார்த்தான், திரும்பினான். மறுநாளும் மழை, மறுநாளும் வெறுங்கை. மூன்றாம் நாள் காத்தான் செத்துப்போனான். அந்த இரண்டு நாளும் தோட்டத்தில் ஒரு சிப்பாய்கூட இல்லை.

தூதனைக் காணாமல் அங்கம்மாவே மருந்தோடு காட்டுக்குள் வந்தாள். படையில் பாதிப்பேர் சடையனைக் கோழையென்று சுட்டுவிடச் சொன்னார்கள். மீதிப்பேர் அவளைத் திட்டினார்கள். தளபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடந்துகொண்டே சடையனிடம் கேட்டார்:

"மழைக்குக் கவுத்ததுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் தோழரே. யோசிக்கக் கூடாதுன்னீங்க."

அங்கம்மா குறுக்கிட்டாள். "ஒத்த மங்கை மட்டும் நிமித்தி வச்சா கங்காணி கேக்க மாட்டானா? மழையே பெய்யாத ஊர்ல இருந்தா வந்தீங்க அண்ணே?"

உத்தரவை மீறாத சடையனா, தொழில் வழக்கத்தை மீறாத அங்கம்மாவா, உத்தரவு போட்ட மாயழகா? காத்தான் சாவுக்கு யார் பொறுப்பு?

விடை: மாயழகு. வெட்டுக்காரி வழக்கமாகச் செய்யும் வேலையையே அபாய அடையாளமாக்கியவர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவனின் மூளைக்கும் பூட்டுப் போட்டார். இதை அவரே படையின் முன் நின்று ஒப்புக்கொண்டார், சடையன் பிழைத்தான். இந்த வழக்கை எந்தத் தோட்டத்தில் சொன்னாலும் வெட்டுக்காரர்கள் உடனே தளபதி என்பார்கள். தலைவர்களிடம் சொன்னால்தான் பழியை அங்கம்மாவில் ஆரம்பிப்பார்கள்.